பத்துக்கு எத்தனை?

அக்டோபர் 13, திங்கள்

காலையிலிருந்து தூறல். திருப்பத்தூரில் வெயில், மேலே ஏற ஏற மூட்டம். முழங்கால் வலி. தைலம் காட்பாடி வீட்டு ஜன்னலிலேயே உட்கார்ந்திருக்கிறது. சுகர் மாத்திரை மட்டும் மறக்கவில்லை.

இடம்: புதூர்நாடு தாண்டி உள்ளே, பழைய மாணவர் விடுதி. இப்போது ஓர் அறக்கட்டளையின் கையில். சனி வரை பயிற்சி. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காப்பகம் என்று பல இடங்களிலிருந்து மனநல ஆலோசகர்கள். என்னிடம் கண் அசைவு சிகிச்சை கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள். மலையில் வைத்தால் செல்போனை நோண்டமாட்டார்கள் என்று அறக்கட்டளை கணக்குப் போட்டிருக்கிறது. சரியான கணக்கு. டவரே இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் மேடேறி, ரோட்டோடு கொஞ்ச தூரம் போனால் ஒரு கோடு வருமாம். என் முழங்காலுக்கு அது இமயமலை.

இங்கே சகலமும் குமரேசன்தான். சாவி, தண்ணீர் மோட்டார், மளிகை, ஜீப். நாற்பது வயதிருக்கும், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. சமையல் அவர் மனைவி. ஜீப் ஓட்டும் வேலு அவளுடைய தம்பி. குடும்பமே நமக்காக ஓடுகிறது.

வேலு வாயே திறக்காத பிறவி. தலையோடு முகத்தையும் சுற்றித் துண்டு, கண் மட்டும் வெளியே. "தூசி ஒத்துக்காதுங்க மேடம் அவனுக்கு" என்று குமரேசன் விளக்கம். இந்த மழையில் என்ன தூசியோ. ஆனால் வளைவுகளில் நன்றாக ஓட்டினான். நானும் பேசும் நிலையில் இல்லை, வாந்தி வராமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

பெட்டியை இறக்கும்போதே குமரேசன் கேட்டார்: "மேடம், கண்ணு முன்னால வெரல ஆட்டுனா கெட்டதெல்லாம் மறந்து போய்டுமாமே, நெசமாங்க?"

எல்லா ஊரிலும் கேட்கும் கேள்விதான். என் கைவசப் பதிலைச் சொன்னேன். நினைவு போகாது, நினைவில் இருக்கிற முள் போகும். படம் மங்கி, தூரமாகப் போய்விடும், அவ்வளவுதான்.

"மங்கிடும்" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ராத்திரிச் சாப்பாடு: சாமைச் சோறு, பரங்கிக்காய்க் குழம்பு. புரட்டாசி முடிகிறவரை முட்டை கூடக் கிடையாது என்று சமையலம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

மூட்டம் வாசல் வரை வந்துவிட்டது. துணி காயவில்லை. மறுபடியும் பரங்கிக்காய்.

காலை வகுப்பு நன்றாகப் போனது. விரலை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, எந்த வேகம், எப்போது நிறுத்துவது. ஆளுக்கு ஆள் எதிரே உட்கார்ந்து விரலை ஆட்டியதில் இருவருக்குத் தலைசுற்றல். நிர்மலா (பள்ளி ஆலோசகர், திருவண்ணாமலைப் பக்கம்) விரலை ஆட்டச் சொன்னால் தலையை ஆட்டுகிறாள். சிரித்துச் சிரித்து வயிறு வலி.

மதியம், கறாரான பாடம். யாருக்குச் செய்யலாம், யாருக்கு இப்போது வேண்டாம். வலிப்பு உண்டா, கண்ணில் கோளாறு உண்டா, போலீஸ், கோர்ட் என்று வழக்கு ஏதும் நடக்கிறதா. சாட்சி சொல்ல வேண்டியவர் என்றால் முதலில் வக்கீலோடு பேசு, அப்புறம்தான் விரலைத் தூக்கு. கேள்விக்குப் பதிலை நோயாளி வாயிலிருந்தே வாங்கு. கூட வந்த சொந்தக்காரரை வெளியே அனுப்பு.

இதற்கு ஒரு நாடகம் போட்டோம். தமிழரசன் (அரசு ஆஸ்பத்திரி ஆலோசகர், கெட்டிக்காரப் பிள்ளை, கீழேயிருந்து பைக்கிலேயே வந்திருக்கிறான்) மாமியாராக நடித்தான். மருமகளைக் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் முந்திக்கொண்டு, "அவளுக்கு இன்னாங்க தெரியும், நான் சொல்றேன்" என்றான். ஒரே கைதட்டல்.

கடைசியாக ஒன்று சொன்னேன், எழுதி வைத்துக்கொள்கிறேன், அடுத்த பயிற்சிக்கு உதவும். சிகிச்சையின் முடிவில் அந்த ஆள் மனதில் ஒரு நல்ல வாக்கியத்தை ஊன்றுகிறோம் இல்லையா, 'நான் இப்போது பத்திரமாக இருக்கிறேன்' என்கிற மாதிரி, அது நிஜமாக இருக்க வேண்டும். இன்னமும் அடிக்கிற புருஷனோடு குடித்தனம் நடத்துகிறவள் மனதில் அதை ஊன்றினால் அது வைத்தியமில்லை, துரோகம். கொஞ்சம் நாடகத்தனமாகத்தான் சொன்னேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

டீ கொண்டுவந்த குமரேசன், காலி டம்ளர்களை எடுக்காமல் சுவரோரம் கேட்டுக்கொண்டே நின்றார். படிக்க ஆசைப்பட்டவர் போலிருக்கிறது. பாவம்.

அக்டோபர் 15, புதன்

நிர்மலாவுக்குக் காய்ச்சல். நாளைய நேரடி விளக்கத்துக்கு அவள்தான் எதிரே உட்காருவதாக இருந்தது. சின்ன வயதில் நாய் கடித்த பயம், அளவான விஷயம், வகுப்புக்குப் போதும். இப்போது போர்வைக்குள் கிடக்கிறாள். வேறு யாரும் முன்வரவில்லை. ஊரார் மனதைத் திறக்கச் சொன்னால் ஓடி வருவார்கள், தன் மனதைத் திற என்றால் கழிப்பறைக்குப் போய்விடுவார்கள்.

டிபன் நேரத்தில் குமரேசன் வந்தார். "மேடம், தப்பா நெனைக்கலன்னா ஒண்ணு சொல்லட்டுங்களா? அந்தாண்ட ஊர்ல காசியம்மான்னு ஒரு பொண்ணு கீது. ரெண்டு வருசத்துக்கு முன்னால புருசன அடிச்சிக் கொன்னுட்டானுங்க. இதும் கண்ணால பாத்துடுச்சி. அதுலேர்ந்து தூக்கம் கெடையாது, ஜீப்பு சத்தம் கேட்டா புதருக்குள்ள ஓடிப் பூந்துக்குது. உங்களால ஆவும்னா புண்ணியமா போவும்."

கூடாது. முன்பின் தெரியாத ஆளை, அதுவும் இவ்வளவு பெரிய காயத்தோடு, வகுப்பு நடுவில் உட்கார வைக்கக் கூடாது. எனக்கே தெரியும். ஆனால் ஆசை வந்துவிட்டது. நாய்க்கடியைக் காட்டுவதும் இதைக் காட்டுவதும் ஒன்றா? வாயால் சொல்லி நம்பாதவர்கள் கண்ணால் பார்த்தால் நம்புவார்கள். இன்று தனியாகப் பேசித் தயார்செய்வது, தாங்குவாள் என்று பட்டால் நாளை செய்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மதியம் நடந்தே வந்தாள். முப்பது வயதுதான், ஒட்டிய கன்னம். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். கதவைப் பார்த்தபடிதான் உட்காருவேன் என்றாள், சரி என்றேன்.

"ஏம்மா, ஊசி போடுவியா?"

"ஊசியெல்லாம் இல்ல காசியம்மா. விரல்தான்."

"வெரலா?" என்று என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இத்த வெச்சி இன்னா பண்ணுவே?"

எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். வலிப்பு இல்லை. கண் நன்றாகத் தெரிகிறது. "இந்த விஷயமா கேஸ் ஏதும் நடக்குதாம்மா?" என்றபோது குமரேசன் வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார். "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சி போச்சிங்க மேடம். ஆள் தெர்லன்னு மூடிட்டாங்க" என்றார். காசியம்மா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

ப.இடம் (மனசு கலங்கினால் திரும்பிப் போய் நிற்கப் பாதுகாப்பான இடம், எல்லோரையும் ஒன்று தேர்ந்தெடுக்கச் சொல்வோம்) எது என்று கேட்டேன். கடற்கரை, கோயில் என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இவள் சொன்னது, பரண். சாமை வயலில் பன்றிக்குக் காவல் இருக்கும் பரண். "மேல ஏறி குந்திகினா யாரு எங்க போறாங்க, எங்க வர்றாங்க, எல்லாம் தெரியும். நம்ம கிட்ட எதுவும் ஏறி வராது." கண்ணை மூடி அதை நினைத்தபோதுதான் அவளுடைய தோள் முதல்முறையாக இறங்கியது. தாங்குவாள்.

தைலம் வாங்கக் கடைக்குப் போகலாம் என்று பார்த்தால் ஜீப்பைக் காணோம். வேலு திருப்பத்தூர் போயிருக்கிறானாம்.

அக்டோபர் 16, வியாழன்

இன்றைக்கு நடந்ததை முழுக்க எழுத வேண்டும். மழை விட்டிருந்தது. கூடத்தில் நாற்காலிகளை அரை வட்டமாகப் போட்டோம், காசியம்மாவுக்குக் கதவைப் பார்த்த நாற்காலி. குமரேசனை வெளியே போகச் சொன்னேன், உடனே போய்விட்டார்.

நினைவிலேயே மோசமான படம் எது என்று கேட்டேன். ஓடைக்கரை. அவள் விறகு பொறுக்கிக்கொண்டு புதருக்குள். புருஷன் மாட்டை ஓட்டி வருகிறான். சந்தனக்கட்டை ஏற்றுகிற ஜீப்பைப் பார்த்துவிடுகிறான். துணியால் முகம் மூடிய மூன்று பேர், தடி. அடிக்கிற வேகத்தில் ஒருவனுடைய துணி நழுவுகிறது. அந்த முகம்தான் படம். "காதுக்குக் கீழ வெட்டுத் தழும்பு. வாயத் தொறந்துகினு மூச்சு வாங்கறான். தெனம் வர்றான்மா. அடுப்பு பத்த வெச்சா பொகையில வர்றான்."

"அந்த முகத்தை இப்ப நெனைச்சா, பத்துக்கு எத்தனை கஷ்டமா இருக்கு?"

"பத்துக்கு மேல இல்லியா?"

பத்து என்று குறித்துக்கொண்டேன்.

விரலை ஆரம்பித்தேன். இடம், வலம். முதல் சில சுற்றுகள் மோசம். மூச்சு இரைந்தது, கால் கட்டைவிரல் தரையைக் கிண்டியது, ஒருமுறை எழுந்தே விட்டாள். பரணுக்குப் போய்விட்டு வந்தோம். மறுபடி விரல். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு, இப்ப என்ன வருது? மாட்டோட மணி சத்தம். அவர் செருப்பு ஒண்ணு ஓடையில போவுது. நான் ஏன் கத்தல? கத்தியிருந்தா என்னியும் அடிச்சிருப்பானுங்க. இதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் அழுதாள். பின்வரிசையில் இரண்டு பேர் சேர்ந்து அழுதார்கள். நான் விரலை நிறுத்தவில்லை, தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

பிறகு அது இறங்க ஆரம்பித்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று, இன்னமும் எனக்குப் புல்லரிக்கும். எட்டு. ஐந்து. "அந்தாண்ட போய்ட்டான்மா." இரண்டு. "ஓடைக்கு அந்தக் கரையில சின்னதா நிக்கிறான். மூஞ்சி சரியா தெர்ல." பிறகு ஒன்றுமில்லை என்றாள், ஆச்சரியத்தோடு, ஏதோ தொலைந்ததைத் தேடுகிறவள் போல மடியைத் தடவிக்கொண்டு.

அவளாகவே தேர்ந்தெடுத்த வாக்கியம்: "இப்ப எனக்கு பயமில்ல." அதை ஊன்றினோம். மனசார ஒத்துக்கொண்டாள்.

எல்லோரும் கைதட்டினார்கள், நான் தடுக்கவில்லை. தமிழரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். காசியம்மா எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "பசிக்குதும்மா" என்றாள். இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். பரங்கிக்காய்க்கு இப்படியொரு மரியாதை இங்கே முதல்முறை.

இன்றும் ஜீப் இல்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒற்றடம். சந்தோஷமாக இருக்கிறேன், அதை எழுதினால் என்ன.

அக்டோபர் 17, வெள்ளி

மறுபடியும் மழை. சந்தோஷத்தை எழுதியிருக்கக் கூடாது.

காலை காசியம்மா சுரைக்காயோடு வந்தாள், எனக்காம். "தூங்கிட்டேன்மா! பக்கத்து வூட்டுக்காரி வந்து தட்டி எழுப்புனா, செத்துட்டேன்னு நெனைச்சிகினா." சிரிக்கும்போது வேறு பெண்ணாகத் தெரிகிறாள். இனி ஜீப்பில்கூட ஏறுவாளாம்.

மறுநாள் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அந்தப் படத்தைக் கொண்டுவரச் சொன்னேன். "ஒருத்தன் நிக்கிறான். தூரமா. மூஞ்சி வெளுப்பா கீது. நல்லா கீதும்மா, இப்டியே இருக்கட்டும்."

அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக: "புது இன்ஸ்பெக்டர் வந்துகிறாரு. தீபாவளி கழிச்சி டேசனுக்கு வா, போட்டோல்லாம் காட்டறேன், ஆளக் காட்டுன்னாரு. முன்னல்லாம் நெனைச்சாலே பேதியாவும். இப்ப போவேன்."

"கேஸ் முடிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்களே?"

"எங்க முடிஞ்சிது? மூஞ்சியப் பாத்தது நான் ஒருத்திதான்னு இன்ஸ்பெக்டரு சொன்னாரு."

"நான் கேட்டப்ப ஏம்மா சொல்லல?"

"அவரு சொல்லிகினு இருக்கும்போது நான் இன்னாத்த பேசறது? நீயும் அவரத்தானே பாத்துகினு இருந்தே."

ஆமாம். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின நாள்தான் மாமியார் நாடகம் போட்டுக் கைதட்டு வாங்கியவள்.

இன்ஸ்பெக்டர் நம்பரை வாங்கிக்கொண்டேன். தமிழரசனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "நினைவு போகாதுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க" என்றான். சொன்னேன்தான். தலைக்குள் படம் மங்கினாலும் நேரில் பார்த்தால் தெரியும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன். ஒரு கொலைக்கு இருக்கிற ஒரே சாட்சி ஒரு முகம், அதை நான் விரலால் துடைத்துவிட்டு, பார்த்தவர்களிடம் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். துடைக்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியுமா? முடியாது.

சாயங்காலம் டீ கொடுக்கும்போது குமரேசன்: "அந்தப் பொண்ணு நல்லா ஆய்ட்டுதாமே மேடம். சந்தோசம். மூஞ்சி அழிஞ்சிடுச்சிங்களா?"

மூஞ்சி. அவரிடம் நான் முகத்தைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. கூடத்தில் பேசியது வெளியே போகக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், ஆனால் யார் வாயைக் கட்ட முடியும், யாராவது உளறியிருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க" என்றேன்.

"கரெக்ட்டுங்க மேடம், கரெக்ட்டு. நாளைக்கு கடைசி நாளு, பொரட்டாசியும் முடிஞ்சிது, கோழி அடிக்கலாம்னு இருக்கேன். அந்தப் பொண்ணையும் சாப்ட வரச் சொல்லிக்கிறேன். வூட்ல வுட நம்ம ஜீப்பு கீது."

தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, யாரும் நிறுத்தவில்லை.

அக்டோபர் 18, சனி

மூட்டம். எதிர் மரம் தெரியவில்லை.

சான்றிதழ் கொடுத்து முடிந்தது. தீபாவளிக் கூட்டம், பஸ் கிடைக்காது என்று எல்லோரும் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு மதிய பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். நிர்மலா தேறிவிட்டாள், கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனாள். மிச்சம் நானும் தமிழரசனும். எனக்குச் சாயங்காலம் ஜோலார்பேட்டையில் ரயில், ஜீப்பில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு.

காசியம்மா எண்ணெய் வைத்துத் தலைசீவி வந்தாள். மூன்று பேருக்கும் இலை போட்டார்கள். சோற்றைக் குமரேசன் மனைவி வைத்தாள். குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வேலு வந்தான்.

முகத்தில் துண்டு இல்லை. அப்போதுதான் சவரம் செய்த முகம். எனக்கு ஊற்றக் குனிந்தான். காதுக்குக் கீழே வெட்டுத் தழும்பு.

கையிலிருந்த சோறு அப்படியே நின்றுவிட்டது. குமரேசன் கதவோரம் நின்றிருந்தார். வேலுவைப் பார்க்கவில்லை, இலையைப் பார்க்கவில்லை. காசியம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நாளாக இந்த மனிதர் எதற்காக டம்ளர் எடுக்காமல் நின்றார் என்று எனக்கு அந்த நொடியில் விளங்கியது. ஜீப் ஏன் இவள் வருகிற நாளெல்லாம் திருப்பத்தூர் போனது என்பதும்.

வேலு அவள் இலைக்கு வந்தான். காசியம்மா நிமிர்ந்து பார்த்தாள். நேராக, பக்கத்தில்.

"போதும்ணா" என்றாள். குனிந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

குமரேசன் மூச்சு விட்டது எனக்கே கேட்டது. "நல்லா சாப்டும்மா, நல்லா சாப்டு" என்றார். என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். அழித்துவிட்டேன். கொலைகாரன் குழம்பு ஊற்றுகிறான், இவள் அவனை அண்ணா என்கிறாள், இது என் கைவேலை.

கை கழுவக் குழாயடிக்குப் போனேன். பின்னாலேயே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி, குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், காய் விலை சொல்வது போலச் சொன்னாள்:

"கொழம்பு ஊத்துனானே, அவன்தாம்மா."

"யாரு?"

"எம் வூட்டுக்காரர அடிச்சவன். தழும்பு பாத்தியா?"

அவளைப் பார்த்தேன். கண் தெளிவாக இருந்தது. கை நடுங்கவில்லை. "பயமா இல்லியாம்மா?"

"இல்லியே. பரண் மேல இருந்து பாக்கற மாதிரி கீது. நீதான அத்த எடுத்துட்டே." சிரித்தாள். "ஜீப்புல கொண்டாந்து வுடறாங்களாம். வழியில அவனையே கேக்கறேன், ஏன்டா அடிச்சேன்னு."

திரும்பினால், குடத்தோடு குமரேசன். எவ்வளவு நேரமாக நின்றார் தெரியாது. சிரித்த முகம் அப்படியே இருந்தது, குடம் மட்டும் சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"போலாமாம்மா காசியம்மா? வண்டி ரெடி" என்றார்.

"வர்றேன்" என்று இவள் கிளம்பிவிட்டாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். "இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கு. அது முடியாம அனுப்பக் கூடாது."

"இன்னா மேடம் பாக்கி? அதான் முடிஞ்சிடுச்சே."

"முடியலங்க. பாதியில விட்டா ஆபத்து."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இந்தத் தடவை அவரைப் பார்ப்பதுதான் சரி.

"செய்ங்க மேடம். அவசரமில்ல. நாங்க இங்கதான் இருப்போம்."

அதே நாள், இருட்டுவதற்கு முன்

கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் கை நிற்காது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன், ஆனால் சாவியெல்லாம் அவரிடம்.

தமிழரசன் பெட்ரோல் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். மேட்டு ரோட்டில் டவர் கிடைத்ததும் இன்ஸ்பெக்டருக்குப் போன், கிடைக்காவிட்டால் 100. காசியம்மாவையும் பைக்கில் ஏற்றி அனுப்பலாமா என்று யோசித்தோம். ஒரே ரோடு, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் ஜீப் வந்தால்? வேண்டாம் என்று முடிவெடுத்தது நான். அவன் இன்னும் திரும்பவில்லை. பஸ் இனி காலையில்தான்.

ஜன்னல் வழியாக ஜீப் தெரிகிறது. முன்சீட்டில் வேலு, துண்டை மறுபடியும் சுற்றிக்கொண்டுவிட்டான். பக்கத்தில் குமரேசன், பேசிக்கொண்டிருக்கிறார். சமையலறை விளக்கை அணைத்துவிட்டு அவர் மனைவி வெளியே போனாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

காசியம்மா பாயில் படுத்தவள் உடனே தூங்கிப் போனாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. இரண்டு வருஷமாக இவளைப் புதருக்குள் தள்ளி உயிரோடு வைத்திருந்தது அந்தப் பயம்தான். ஜீப் சத்தம் கேட்டால் ஓடு என்று சொன்னது அது. அதைத்தான் பிடுங்கிப் போட்டேன். முகம் அப்படியே இருக்கிறது, தழும்பு அப்படியே இருக்கிறது. 'இப்ப எனக்கு பயமில்ல.' அது நிஜமாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஊன்றினேன். செவ்வாய்க்கிழமை அதற்கு என்ன பேர் சொன்னேன் என்று இந்த நோட்டிலேயே இருக்கிறது.

ஜீப்பின் கதவு சாத்துகிற சத்தம். ஒரு கதவா, இரண்டா?

காசியம்மா விழித்துக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னாம்மா, கை இப்டி ஆடுது?" என்றாள். நகர்ந்து வந்து எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு விரலை என் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"சொல்லு, பத்துக்கு எத்தினி?"

பத்து என்றேன்.